மலைப்பாதை வளைவில் காரை வெளியே தள்ளுவது எந்த விசை?

வெளியே தள்ளும் விசை என்று தனியாக எதுவும் இல்லை. உள்ளே திருப்பும் விசை போதாமல் போனால்தான் கார் விலகுகிறது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி நடத்தும் பாடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தன் போக்கில் விட்டால் கார் நேராகத்தான் போகும். அதைத் திருப்ப வளைவின் மையத்தை நோக்கி ஒரு விசை வேண்டும். ஸ்டியரிங் முன்சக்கரங்களின் திசையை மட்டுமே மாற்றுகிறது; விசையைத் தருவது டயருக்கும் தாருக்கும் இடையிலுள்ள உராய்வு. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது ஏறக்குறைய உள்ளங்கை அகலம்தான்! உள்ளே உட்கார்ந்திருப்பவர் கதவில் சாய்வதும் இதனால்தான்: உடம்பு நேராகப் போகப் பார்க்கிறது, கதவு தோளில் முட்டி அதை உள்ளே திருப்புகிறது. வெளியே தள்ளுவதாகச் சொல்லப்படும் மையவிலக்கு விசை என்பது காரோடு சேர்ந்து திரும்புபவரின் பார்வையில் கணக்குப் போடச் சேர்த்துக்கொள்வது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அப்படி ஒன்றின் ஆரம் 15 மீட்டர், காரின் நிறை 1000 கிலோ, தரை சமம் என்று வைத்துக்கொள்வோம். வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்றி, அதே வேகத்தால் பெருக்கி, நிறையாலும் பெருக்கி, ஆரத்தால் வகுத்தால் தேவையான விசை வந்துவிடும். மணிக்கு 30 கிலோமீட்டரில் அது சுமார் 4,600 நியூட்டன். காய்ந்த தாரில் உராய்வுக் குணகத்தை, அதாவது காரின் எடையில் எவ்வளவு பங்கு உராய்வாகக் கிடைக்கும் என்பதை, 0.7 என்று எடுத்தால் 6,900 நியூட்டன் வரை கிடைக்கும், கார் அழகாகத் திரும்பும். மழையில் குணகம் 0.4 ஆகிவிட்டால் கிடைப்பது 3,900 மட்டுமே. டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கார் வழுக்கும். வேகத்தை 20க்கு இறக்குங்கள், தேவை சுமார் 2,100 ஆகச் சரிந்துவிடும்.

ஆள் நிறைய ஏறினால் வண்டி நன்றாகப் பிடித்து நிற்கும் என்பார்கள். எடை கூடினால் உராய்வு கூடுவது உண்மைதான், ஆனால் தேவைப்படும் விசையும் அதே விகிதத்தில் கூடுகிறது. கணக்கில் நிறை அடிபட்டுப்போகும்.

பிரேக்கும் இதே உராய்விலிருந்துதான் தன் பங்கை எடுக்கிறது. வளைவுக்குள் போய் அழுத்தினால் திரும்புவதற்கு மிஞ்சுவது குறைந்துவிடும். சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் கார் நேராகவே வழுக்கிப் போகும். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்குமே தவிர, ஈரச் சாலையில் இல்லாத உராய்வைக் கொண்டுவராது. ஆகவே மழையில் வால்பாறை இறங்குகிறீர்கள் என்றால், பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து, இரண்டாவது கியருக்கு வந்துவிட்டு, அப்புறம் திருப்புங்கள்.