கராத்தே தெரிந்தவர் எம்எம்ஏ பழகலாமா? ஆபத்து எங்கே?

ஐந்து வருடம் கராத்தே பழகியாயிற்று, திருகோணமலையில் இருந்துகொண்டு எம்எம்ஏக்கு (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு) போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். உதையும் தூரக் கணிப்பும் கைகொடுக்கும். ஆனால் எதிராளி காலை வாரி நிலத்தில் போட்டு மேலே ஏறிவிட்டால் கராத்தே அங்கே உதவாது. எனவே முதல் 6 மாதம் மல்யுத்தமும், நிலத்தில் கிடந்தபடி பிடித்து மடக்கும் ஜியுஜிட்சுவும்தான். விழப் பழகுவதே முதல் பாடம்: நாடியை நெஞ்சோடு ஒட்டி, கையை ஊன்றாமல், முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை தரையில் அடித்தபடி விழவேண்டும். ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். உப்புவெளிக் கடற்கரை மணல் விழுவதற்கு நல்லது; சுழன்று உதைக்க வேண்டாம், பாதம் புதைந்து முழங்கால் திருகும்.

மூட்டை மடக்கித் திருகும் பூட்டுகளில், குதிக்காலைப் பிடித்துத் திருகும் குதிக்கால் பூட்டு பொல்லாதது. வலி தெரியுமுன்பே முழங்கால் தசைநார் கிழிந்துவிடும். பிடி இறுகுமுன் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளுங்கள், ரோசம் பார்க்காதீர்கள்.

தொழில்முறைப் போட்டிக் கையுறை பொதுவாக 4 அவுன்ஸ், பயிற்சிக்கு 16 அவுன்ஸ். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. அடிபட்டுத் தலை சுற்றினால் அன்றைக்கு அதோடு நிறுத்தம். வாந்தி தொடர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி. தேறுமுன் இன்னொரு அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

பலர் கவனிக்காதது, குறைந்த எடைப்பிரிவில் இறங்குவதற்காகப் போட்டிக்கு முன் செய்யும் எடைக்குறைப்பு. 2015 டிசம்பரில் சீன வீரர் யாங் ஜியான் பிங் மணிலாவில் இறந்தது போட்டி மேடையில் அல்ல, எடை குறைக்கும்போது. சூடான கச்சான் காற்று வீசும் நாட்களில், வியர்த்து எடை குறைக்கப் பிளாஸ்டிக் உடுப்போடு ஓடுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். உங்கள் இயல்பான எடைப்பிரிவிலேயே இறங்குங்கள்.