அது காடு இல்லை, தம்பி

வணக்கம் அக்கா,
போன மாதம் நண்பர்களோடு நான்கு நாள் கோலாலம்பூர் வந்திருந்தேன். இரட்டைக் கோபுரம், பத்துமலை, பிரிக்பீல்ட்ஸ் எல்லாம் பார்த்தோம். ஊர் அசர வைத்துவிட்டது. கடைசி நாள் மின்மினி பார்க்கக் கோலசிலாங்கூர் பக்கம் போனோம். உங்கள் பத்தாங் பெர்ஜுந்தையைத் தாண்டித்தான் போகிறோம் என்று டிரைவர் சொன்னார். வழி நெடுக ஒரே காடு, ஆள் நடமாட்டமே இல்லை. அடுத்த முறை குடும்பத்தோடு வந்தால் கோலாலம்பூருக்கு எத்தனை நாள் ஒதுக்கலாம்?
- மதுரையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

கோபுரம் 88 மாடி, யார் பார்த்தாலும் அசரத்தான் செய்வார்கள். பத்துமலையும் அப்படித்தான். எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையில் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்றுதான் இருக்கிறது. டிரைவர் பழைய பெயரைச் சொன்னதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் ‘ஒரே காடு’ என்று எழுதினீர்களே, இரண்டு நாளாக அது மனதைவிட்டுப் போகவில்லை.

அது காடு இல்லை. செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டம். காட்டில் மரம் நிரை பிடித்தா நிற்கும்? ஜன்னல் வழியே ஒரு நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஏறக்குறைய 30 அடிக்கு ஒரு மரம். கயிறு பிடித்து, முளையடித்து, குழி வெட்டி, ஒவ்வொன்றாக ஆள் நட்டது. இந்த நாட்டில் செம்பனையை வியாபாரப் பயிராக முதலில் போட்டதே எங்கள் வட்டாரத்தில்தான், 1917இல், ஒரு பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயர் தென்னமரம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அது எந்த மொழி? மதுரைக்காரர் நீங்கள், இந்த மண்ணைத் தாண்டிப் போய்விட்டுக் காடு என்கிறீர்கள்!

என் அம்மா முதலில் பால்மரம், அதாவது ரப்பர் மரம் சீவினார். விடியுமுன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். அது காய்க்க ஆரம்பித்ததும் அம்மாவுக்கு உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. குலை வெட்டுகிறவர் முன்னால் போவார், அம்மா பின்னாலேயே குனிந்தபடி. வெட்டிய குலை உடனே ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் கூடிவிடும் என்று தோட்டத்து எழுத்தரான கிராணி விரட்டுவார். ராத்திரி அம்மா ஊசியால் விரல் முள்ளை எடுப்பார், நான் டார்ச் பிடிப்பேன். எல்லா முள்ளும் வரவில்லை. கடைசிவரை அவரால் வலது கையை முழுதாக மடக்க முடிந்ததில்லை.

ஆள் நடமாட்டம் இல்லை என்றது உண்மை. எங்கள் தோட்டம் கைமாறியபோது வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். வரிசை வீடுகளான லயங்கள் போயின, பனைகளுக்கு நடுவே மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. இப்போது குலை வெட்டுவது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த பிள்ளைகள். மின்மினிக்காக நீங்கள் இருட்டும் நேரத்தில் போயிருப்பீர்கள். அவர்கள் அதற்குள் வேலை முடித்துப் போயிருப்பார்கள்.

சரி, நாள் கணக்கு கேட்டீர்கள். கோலாலம்பூருக்கு மூன்று நாள் தாராளம். நான்காம் நாள் காலை வெளிச்சத்தில் இங்கே வந்து எங்கள் வீட்டில் பசியாறுங்கள். அப்புறம் பிள்ளைகளை நிரைக்குள் நானே கூட்டிப்போகிறேன். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வரச் சொல்லுங்கள். கீழே முள் கிடக்கும்.