ரூபி பிரிட்ஜஸ் படித்த நியூ ஆர்லியன்ஸ் தொடக்கப் பள்ளி பிற்பாடு என்ன ஆனது?

கூட்டாட்சி அரசின் காவல் அதிகாரிகளான நான்கு மார்ஷல்களுக்கு நடுவே, வெள்ளையர் பள்ளி ஒன்றுக்கு வெள்ளை உடையில் நடந்து செல்லும் ரூபி பிரிட்ஜஸ் என்ற கறுப்பினச் சிறுமியை அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் வரைந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பள்ளி இன்னும் இருக்கிறதா, அதைச் சுற்றி வாழ்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டடம் இருக்கிறது, அதனுள் குழந்தைகளும் படிக்கிறார்கள். ஆனால் 1960-இல் அப்பள்ளியைத் தமது என்று சொல்லிக்கொண்ட மக்கள் இன்று அங்கே இல்லை. அங்கே பள்ளி நடத்துவதும் அன்றைய நிர்வாகம் அல்ல. பல ஆண்டுகள் முதல் வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவன் என்பதால், இந்த வரலாற்றை ஒரு சிறுமியின் வீரக்கதையாக மட்டும் படிக்க என்னால் இயலவில்லை. அது ஒரு வகுப்பறையின் கதையும் ஒரு தெருவின் கதையும் ஆகும்.

வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளி, லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், ஒன்பதாவது வார்டின் மேற்பகுதியில், நார்த் கால்வெஸ் தெருவில் 1937-இல் கட்டப்பட்டது. சுற்றிலும் கூலித் தொழிலாளர்களும் குறைந்த வருவாய் உடையவர்களும் வாழ்ந்தார்கள். அருகே ஃபுளோரிடா அவென்யூவில் இருந்த அரசுக் குடியிருப்பு அன்று வெள்ளையர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது, பள்ளியும் அப்படியே. சில தெருக்கள் தள்ளிக் கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்தபோதும், அவர்களுடைய பிள்ளைகள் இந்தப் பள்ளியைத் தாண்டி வேறொரு பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது.

இந்தப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பினப் பெற்றோர் 1952-இல் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுக்காக வாதாடியவர்களில் முதன்மையானவர் ஏ. பி. டுரோ. 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1956-இல் கூட்டாட்சி நீதிபதி ஜே. ஸ்கெல்லி ரைட், நியூ ஆர்லியன்ஸ் பள்ளி வாரியம் அத்தீர்ப்பை நிறைவேற்ற வேண்டும் என்று ஆணையிட்டார். அதற்குப் பிறகும் நான்கு ஆண்டுகள் இழுத்தடிப்பிலேயே கழிந்தன. மாநிலச் சட்டமன்றம் தடைச் சட்டங்களை அடுக்கடுக்காக இயற்றியது. நீதிபதி அவற்றை ஒவ்வொன்றாக முடக்கினார். கடைசியில் முதல் வகுப்பிலிருந்து மட்டும் தொடங்குவது என்று முடிவாயிற்று. அதிலும் ஒரு தேர்வு வைத்து, விண்ணப்பித்த நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினக் குழந்தைகளில் மிகச் சிலரையே வாரியம் தேர்ந்தெடுத்தது. இறுதியில் வெள்ளையர் பள்ளிகளுக்குள் காலடி வைத்தவர்கள் நான்கு சிறுமியர். மூவர் மெக்டனா 19 என்ற பள்ளிக்கும், ரூபி பிரிட்ஜஸ் தனியாக ஃபிரான்ட்ஸ் பள்ளிக்கும் அனுப்பப்பட்டனர்.

பலரும் பேசாமல் விட்டுவிடும் ஒரு செய்தி இங்கே இருக்கிறது. என் பார்வையில் மொத்த வரலாற்றின் முடிச்சும் அதுதான். நகரின் வசதியான பகுதியில் இருந்த லஷர், வில்சன் ஆகிய இரு பள்ளிகளின் பெற்றோர் சங்கங்கள், முதலில் எங்கள் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தாமாகவே முன்வந்திருந்தன. வாரியம் அதற்குச் செவிசாய்க்கவில்லை. வருபவர்களின் தேர்வு மதிப்பெண்ணையும் பள்ளிகளின் சராசரி மதிப்பெண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்பதாவது வார்டின் ஏழைப் பள்ளிகள் இரண்டைத் தேர்ந்தெடுத்தது. நிற வேறுபாட்டைத் தவிர வேறு எந்தப் பெருமையும் தமக்கு இல்லை என்று நம்பியிருந்த வெள்ளைத் தொழிலாளர் குடும்பங்கள், நகரின் செல்வந்தர்கள் தங்கள் பிள்ளைகளைப் பத்திரமாக ஒதுக்கி வைத்துவிட்டுச் சுமையைத் தங்கள் தலையில் ஏற்றிவிட்டதாகக் கொதித்தன. அந்தத் தெருவில் நிகழ்ந்த கொடுமையை இது எவ்வகையிலும் நியாயப்படுத்தாது. எனினும் கூச்சலிட்டவர்களை மட்டும் பழித்துவிட்டு, மேசைக்குப் பின்னால் அமர்ந்து பள்ளிகளைத் தேர்ந்தவர்களை மறந்துவிடுவது சரியான வரலாறு ஆகாது.

1960 நவம்பர் 14 அன்று காலையில் ஆறு வயது ரூபி, தாயுடனும் கூட்டாட்சி அரசின் மார்ஷல்களுடனும் பள்ளிக்கு வந்தார். அன்று முழுவதும் அவர் தலைமை ஆசிரியர் அறையிலேயே அமர்ந்திருக்க, பெற்றோர்கள் வந்து தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறினார்கள். மறுநாள் இரவு நகராட்சி அரங்கில் சுமார் 5,000 பேர் திரண்ட எதிர்ப்புக் கூட்டத்தில் லியாண்டர் பெரஸ் என்ற அரசியல்வாதி மக்களைத் தூண்டிவிட்டார். அடுத்திருந்த செயின்ட் பெர்னார்ட் மாவட்டம், வெளியேறிய வெள்ளைக் குழந்தைகளுக்குத் தன் பள்ளிகளைத் திறந்துவிட்டது. இதனால் புறக்கணிப்பு ஒரு வாரக் கோபமாக அடங்காமல் ஓராண்டு ஏற்பாடாக நிலைத்தது.

எல்லாரும் போய்விடவில்லை. லாயிட் ஃபோர்மன் என்ற மெதடிஸ்ட் பாதிரியார், தம் ஐந்து வயது மகளைக் கூட்டத்தின் வசைகளுக்கு நடுவே நாள்தோறும் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த டெய்சி கேப்ரியேல் என்ற தாயும் தம் மகளை நிறுத்த மறுத்துவிட்டார். நகரக் குடிநீர்த் துறையில் மீட்டர் கணக்கெடுத்துவந்த அவருடைய கணவர், உடன் வேலை செய்தவர்களின் நெருக்கடியைத் தாங்க இயலாமல் வேலையை விட்டார். குடும்பமே ரோட் ஐலண்டுக்குக் குடிபெயர்ந்தது. ஊரோடு ஒத்துப்போகாதவரை ஊர் எப்படி வெளியேற்றும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ரூபியின் குடும்பம் கொடுத்த விலை இன்னும் பெரிது. தந்தை ஏபன் பிரிட்ஜஸ் பெட்ரோல் நிலையத்தில் பார்த்துவந்த வேலையை இழந்தார். மிசிசிப்பியில் குத்தகைக்குப் பயிரிட்டுவந்த தாத்தாவும் பாட்டியும் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். அப்போது கைகொடுத்தவர்கள் அக்கம்பக்கத்துக் கறுப்பின மக்கள்தான். ஒருவர் தந்தைக்கு வீடுகளுக்கு வண்ணம் பூசும் வேலை கொடுத்தார். சிலர் வீட்டைக் காவல் காத்தார்கள். சிலர் மார்ஷல்களின் வண்டிக்குப் பின்னால் நடந்தே சென்றார்கள். ஓவியத்தில் இவர்கள் இல்லை.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். பாஸ்டனிலிருந்து வந்திருந்த பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை மட்டுமே ரூபிக்குப் பாடம் நடத்த ஒப்புக்கொண்டார். ஆண்டின் பெரும்பகுதி அந்த அறையில் ஓர் ஆசிரியையும் ஒரு மாணவியும்தான் இருந்தார்கள். முதல் வகுப்பில் ஒரு குழந்தை எழுத்தைக் கற்பதில் பாதி, பக்கத்துக் குழந்தையின் சிலேட்டைப் பார்த்துக் கற்பது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்; அந்தப் பக்கத்துக் குழந்தை இல்லாமல் ஒரு வருடத்தை எப்படி ஓட்டினார் என்பதே எனக்கு வியப்பு. விளையாட்டு நேரத்தில்கூட ரூபி வெளியே செல்ல இயலாது. வாசலில் ஒரு பெண் விஷம் வைப்பேன் என்று நாள்தோறும் மிரட்டியதால், வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவை மட்டுமே உண்ண வேண்டும் என்று மார்ஷல்கள் சொல்லியிருந்தார்கள். தனியாக உண்ணப் பிடிக்காமல் சாண்ட்விச்சுகளை வகுப்பறை அலமாரியில் ஒளித்து வைத்ததை ரூபியே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதே கட்டடத்தில் வேறோர் அறையில் சில வெள்ளைக் குழந்தைகளும் முதல் வகுப்புப் படித்தார்கள் என்பதை அறிந்த ஹென்றி, தலைமை ஆசிரியரிடம் வற்புறுத்தி, ஆண்டு முடிவதற்குள் அவர்களை ரூபியுடன் சேர்ந்து அமரச் செய்தார். மறு ஆண்டு ஹென்றிக்கு அந்தப் பள்ளியில் வேலை இல்லை. ரூபிக்கோ மார்ஷல்களும் இல்லை, வாசலில் கூட்டமும் இல்லை, வகுப்பு நிறையப் பிள்ளைகள்.

அதற்குப் பின் நடந்தது சத்தமில்லாத வெளியேற்றம். வெள்ளைக் குடும்பங்கள் செயின்ட் பெர்னார்டுக்கும் பிற புறநகர்களுக்கும் நகர்ந்தன. ஃபிரான்ட்ஸ் காலப்போக்கில் ஏறத்தாழ முழுவதும் கறுப்பினக் குழந்தைகள் படிக்கும் ஏழைப் பள்ளியாயிற்று. 1993-இல் தம்பி கொலையுண்டபின், அவருடைய பெண் குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு ரூபியிடம் வந்தது. அவர்கள் படித்துக்கொண்டிருந்தது இதே ஃபிரான்ட்ஸ் பள்ளி. அவர்களை அழைத்துச் செல்வதற்காகவே அவர் மீண்டும் அந்த வாசலில் நுழைந்தார். பெற்றோருக்கும் பள்ளிக்கும் இடையே தொடர்பாளராகத் தொண்டும் செய்தார்.

2005-இல் கத்ரீனா புயலில் கரைகள் உடைந்து ஒன்பதாவது வார்டு மூழ்கியது. பள்ளியும் சேதமடைந்து மூடப்பட்டது. அதே ஆண்டு அக்கட்டடம் வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது அதைக் காப்பாற்ற உதவியது. பள்ளிகளை நடத்தியவர்களுக்கு அத்தகைய காப்பு இல்லை. புயலுக்குப் பிறகு சுமார் 7,500 பள்ளி ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பள்ளிகளில் பெரும்பாலானவற்றை மாநில அரசு எடுத்துக்கொண்டு, தன்னாட்சி அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளாக மாற்றியது. 2013-இல் புதுப்பிக்கப்பட்ட ஃபிரான்ட்ஸ் கட்டடத்துக்குள் அகிலி அகாடமி என்ற சார்ட்டர் பள்ளி வந்தது. 2014-இல் முற்றத்தில் ரூபியின் சிலை திறக்கப்பட்டது. 2306 என்ற எண்ணுள்ள வகுப்பறையை 1960-இல் இருந்தவாறே மீட்டமைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு அருகே இருக்கும் பள்ளியில் சேரும் உரிமைக்காகத்தான் அன்று அந்த வழக்கு நடந்தது. இன்று நியூ ஆர்லியன்ஸ் பெற்றோர் நகரம் முழுவதற்குமான பொது விண்ணப்பத்தில் தாம் விரும்பும் பள்ளிகளை வரிசைப்படுத்தி அனுப்புகிறார்கள்; இடம் கிடைத்த பள்ளி நகரின் மறுகோடியில் இருந்தாலும் குழந்தை பேருந்தில் ஏறிப் போகிறது.