சிறுவயதில் வீட்டில் பட்ட காயங்கள் கவிதை எழுதினால் ஆறுமா?

முழுதாக ஆறும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நினைவுகளைச் சொல்ல கவிதையைப் போலத் தோதான இடம் எனக்கு வேறு கிடைக்கவில்லை.

பயந்து வளர்ந்த பிள்ளைக்கு நினைவுகள் கதையாகத் தங்குவதில்லை. எந்த வருடம், சண்டை எதனால் வந்தது என்பதெல்லாம் மங்கிவிடும். ஒரு சத்தமோ வாசனையோ மட்டும் அப்படியே நிற்கும். எனக்கு நின்றது, அப்பா வெளியிலிருந்து கதவைத் திறக்கும் சத்தம். சாவி சட்டென்று திரும்பினால் அன்றிரவு நிம்மதி. துளைக்குள் நுழையாமல் உரசிக்கொண்டே இருந்தால் நானும் தங்கையும் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவதுபோல் படுத்துக்கொள்வோம். உரைநடையில் எழுத உட்கார்ந்தால் அப்பா ஏன் அப்படி இருந்தார் என்ற விளக்கத்துக்குள் போய்விடுவேன். கவிதையில் அந்தச் சாவி உரசுவதை மட்டும் எழுதினால் போதுமாயிருந்தது. பிறகு தங்கையிடம் காட்டினேன். அவளுக்குச் சாவிச் சத்தம் நினைவே இல்லை. அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதுதான் நினைவிருக்கிறதாம்.

இன்னொரு சிக்கல், பயந்த அதே ஆள்மீது பாசமும் இருப்பது. அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஹேடனின் ‘அந்தக் குளிர்கால ஞாயிறுகள்’ (1962) 14 வரிதான். விடியுமுன் எழுந்து, வெடித்த கைகளால் அடுப்பு மூட்டி, பிள்ளையின் காலணியையும் துடைத்து வைக்கும் தந்தை அதில் வருகிறார். அந்த வீட்டில் எப்போதும் கனன்ற கோபங்களும் அதே கவிதையில் இருக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றதை அவர் மன்னிக்கவில்லை. எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது.

சரி, எழுதினால் மனம் லேசாகுமா? உடனே ஆகாது. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தொடர்ந்து 4 நாட்கள், தினம் 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அதன் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே போனார்கள். ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் கனத்துத்தான் இருந்தது. அவர்கள் எழுதியது உரைநடை. என்றாலும் அந்தக் கனம் கவிதை எழுதும் எனக்கும் தெரிந்ததுதான்.

அதனால் இரவில் தனியாக உட்கார்ந்து எழுதாதீர்கள். ஒரு பொருள், ஒரு சத்தம் என்று சின்னதாகத் தொடங்குங்கள். யாரிடமும் காட்ட வேண்டிய கட்டாயமில்லை. தூக்கம் கெட்டாலோ, பழைய பயம் பகலிலும் வந்து பிடித்துக்கொண்டாலோ, எழுதுவதை நிறுத்திவிட்டு மனநல ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள்.