கம்பி கேட்டின் நிழல், சுவரின் கறை, தரையில் எழும் எருது

(பார்த்துப் பழகிய இடத்தையே விளையாட்டாக மாற்றிக் காட்டும் இக்காலக் கலை பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் கேட்டவையும் பதில்களும்.)

கேள்வி: தரையில் வரைந்த படம் எழுந்து நிற்பது போலத் தெரியும் கோலம் ஒன்றை ஆண்டு விழாவுக்காகப் பள்ளி மைதானத்தில் போட ஆசை. எருது விடும் விழா நடக்கும் ஊர் என்பதால் எருது வரைந்தோம். போட்டோவில் அது படுத்தே கிடக்கிறது. எங்கே தவறினோம்?
– ஓர் ஆசிரியை, பாலக்கோடு

கண்ணளவில் நீட்டி வரைந்திருப்பீர்கள். இதற்குக் கணக்கு உண்டு, கூட்டல் கழித்தல் தெரிந்த பிள்ளைகளே போட்டுவிடலாம். இந்த வித்தை பழையது. ஜெர்மன் ஓவியர் ஹோல்பைன் 1533இல் தீட்டிய 'தூதுவர்கள்' ஓவியத்தில் கீழே ஒரு மண்டையோடு இழுபட்டுக் கிடக்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் அது மண்டையோடு என்றே தெரியும். அதைத் தெருத் தரைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க ஓவியர் கர்ட் வென்னர், 1980களில்.

முதலில் கேமராவின் இடத்தை முடிவு செய்யுங்கள். ஒரு ஸ்டூலை அசையாமல் வைத்து, போன் தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி செய்யுங்கள். அதற்கு நேர் கீழே தரையில் ஓர் ஆணி அடியுங்கள். ஆணியிலிருந்து 3 மீட்டரில் 120 செ.மீ. நீளத்துக்கு ஓர் அடிக்கோடு. குளம்புகள் வரும் இடம் அதுதான்.

எருது 90 செ.மீ. உயரம், 120 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு கட்டமும் 30 செ.மீ. என்ற கணக்கில் மூன்று வரிசை, நான்கு பத்தியாகக் கட்டம் போடுங்கள். தரையில் ஒவ்வொரு வரிசைக் கோடும் எங்கே விழும் என்பதற்கான கணக்கு: அடிக்கோட்டின் தூரத்தைக் கேமரா உயரத்தால் பெருக்கி, கேமரா உயரத்திலிருந்து அந்தக் கோட்டின் உயரத்தைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். 30 செ.மீ. உயரக் கோடு ஆணியிலிருந்து 3.75 மீட்டரில் விழும், 60 செ.மீ. கோடு 5 மீட்டரில், 90 செ.மீ. கோடு 7.5 மீட்டரில். அகலமும் கூடவே விரியும்: அடியில் 120, அடுத்து 150, பிறகு 200, உச்சியில் 300 செ.மீ.

நெடுக்குக் கோடுகளை அளக்கவே வேண்டாம். ஆணியில் கயிறு கட்டி, அடிக்கோட்டில் 30 செ.மீ.க்கு ஒன்றாக வைத்த புள்ளிகள் வழியாக இழுத்துப் பிடியுங்கள். அந்த ஐந்து கயிற்றுக் கோடுகள்தான் பத்திகள். இனி தாளில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருப்பதைத் தரையில் அதற்குரிய கட்டத்துக்குள் வரைந்துகொண்டே போக வேண்டியதுதான்.

பலர் கோட்டில்தான் கோட்டைவிடுகிறார்கள். ஒரே தடிமனில் கோலப்பொடி போட்டால் கால் பளிச்சென்று தெரியும், முதுகும் கொம்பும் காணாமல் போகும். கேமராவில் எருதின் உடம்பில் 1 செ.மீ. கோடாகத் தெரிய வேண்டும் என்றால், குறுக்குக் கோட்டை அடியில் 2 செ.மீ., உச்சியில் 12 செ.மீ. அகலத்துக்குப் போட வேண்டும். அருகில் நின்று பார்த்தால் முதுகுக் கோடு பாய் விரித்தது போல இருக்கும். அப்படி இருந்தால்தான் சரி.

மேடு பள்ளத்தையும் பாருங்கள். தொலைக்கோடியில் 2 செ.மீ. மேடு இருந்தால் கோடு 10 செ.மீ. இடம் மாறிவிடும். முந்தின நாளே தரையைச் சமன் செய்து, விடியற்காலையில் சாணி தெளித்து, ஈரம் இருக்கும்போதே பொடி போடுங்கள். காய்ந்தால் செம்மண் வெளுத்து, வெள்ளை எடுபடாது. அரிசிமாவு வேண்டாம், எறும்பு வரிசை கட்டிவிடும், கல்மாவே போதும்.

குளம்பிலிருந்து ஒரு நிழலும் வரையுங்கள், வெயில் விழும் திசைக்கு ஏற்ப. எருது "எழுந்து நிற்பது" பாதி அந்த நிழலால்தான். நேரில் பார்ப்பவர்கள் ஸ்டூல் இருந்த இடத்தில் அதே உயரத்தில் ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணும் சேர்ந்தால் தரை தட்டை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: மாடித் தொட்டி வழிந்து வழிந்து பின்சுவரில் கறுப்புக் கறை. பார்க்க அச்சு அசல் யானை. எனாமல் வாங்கி முழு யானையாகத் தீட்டிவிடலாமா?
– ஒரு வாசகர், தருமபுரி

தீட்டாதீர்கள். கறையே யானையாக இருக்கிறது, நீங்கள் கொடுக்க வேண்டியது ஒரு கண்ணும் ஒரு தந்தமும். முழுவதும் பூசினால் அது சுவர்ப்படம். இப்போது இருப்பதோ, பார்ப்பவரே கண்டுபிடிக்கும் யானை. தெருக் கலைஞர்களின் நல்ல வேலை பலவற்றில் சேர்த்தது மிகக் குறைவாகவே இருக்கும்.

அந்தக் கறை பாசி. மழைக்காலத்தில் வளரும், சித்திரை வெயிலில் காயும். தொட்டி தொடர்ந்து வழிந்தால் தும்பிக்கை நீண்டுகொண்டே போகும், சுவரும் ஊறிப்போகும். ஆகவே முதலில் மிதவை வால்வை மாற்றிக் கசிவை நிறுத்துங்கள். கறை உடனே போய்விடாது.

பாசிமேல் பெயின்ட் பிடிக்காது. கண் வரும் இடத்தை மட்டும், ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தடவி, கால் மணி நேரம் விட்டு, நார்த் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். அதோடு ஆசிட் எதையும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். இரண்டு நாள் காய்ந்ததும் ஒன்றரை அடி பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் எடுத்துப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது, இன்னும் பொறுங்கள். காய்ந்த பிறகு வெளிச்சுவர் பிரைமர் ஒரு கோட், வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட். நடுவில் நான்கு மணி நேரம்.

எனாமல் ஏன் கூடாது? சிமென்டின் காரம் எனாமலில் உள்ள எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். ஈரம் வெளியேற வழியில்லாமல் தோல் தோலாக உரியும். புதுச் சிமென்ட் பூச்சு என்றால் 28 நாள் கழித்தே நிறம்.

கேள்வி: கம்பி கேட்டின் நிழலைச் சாக்பீஸால் வளைத்து மயிலாக்கினோம். அரை மணியில் நிழல் விலகிவிட்டது. நிற்க வைக்க வழி உண்டா?
– பள்ளி மாணவர்கள், காவேரிப்பட்டணம்

மாலையில் வரைந்திருப்பீர்கள், அதனால் வந்த வினை. 1.2 மீட்டர் உயரக் கேட்டின் நிழல், சூரியன் அடிவானத்திலிருந்து 20 பாகை (டிகிரி) உயரத்தில் இருக்கும்போது 3.3 மீட்டர். சுமார் 20 நிமிடத்தில் அது 15 பாகைக்கு இறங்கியதும் 4.5 மீட்டர்! முற்பகல் பத்து மணிவாக்கில் வரையுங்கள். அதிகம் நகர்வது நுனி என்பதால் நுனியில் தொடங்கி, ஐந்து நிமிடத்தில் முடித்துப் போட்டோ எடுத்துவிடுங்கள்.

நிலைத்த நிழல் வேண்டுமானால் தெருவிளக்கைப் பிடியுங்கள். விளக்கும் கேட்டும் அசையாதவரை இரவுக்கு இரவு நிழல் அதே இடத்தில்தான் விழும். பகலில் பார்ப்பவருக்கு அர்த்தமில்லாத கோடு, விளக்கு எரிந்ததும் மயில். இது எங்களுக்கு மிகவும் பிடித்த வகை.

கேள்வி: வீட்டருகே கிரானைட் துண்டுகள் கிடக்கின்றன. அவற்றை வைத்து குட்டி மனிதர் உலகம் செய்ய முடியுமா?
– ஒரு கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

கிருஷ்ணகிரிக்காரருக்கு இது வாய்த்த வரம். பிளந்த கல்லின் ஓரத்தைப் பாருங்கள், டிரில் போன வழி அரைவட்டப் பள்ளங்களாக வரிசை கட்டி நிற்கும். அதன் கீழே 2 செ.மீ. மனிதன் ஒருவனை நிறுத்தினால் அது கோயில் தூண் மண்டபம். லண்டன் தெருக்களில் இப்படிக் குட்டி மனிதர்களை விட்டுவருவதை ஸ்லிங்காச்சு என்ற கலைஞர் 2006இல் தொடங்கினார். ஜப்பானியக் கலைஞர் டட்சுயா டனாகா 2011 முதல் நாளுக்கு ஒரு குட்டிக் காட்சி படைக்கிறார்.

பொம்மை ரயிலோடு விற்கும் குட்டி மனிதர்கள் பெரும்பாலும் நிஜ ஆளின் 87இல் ஒரு பங்கு அளவு. நீங்களே செய்ய, மெல்லிய செம்புக் கம்பியை முறுக்கி, எம்-சீலின் இரண்டு பகுதியையும் சம அளவில் பிசைந்து ஒட்டுங்கள். ஒரு நாள் இறுகிய பிறகு நிறம். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையைத் தொடும். அந்தக் கோணம்தான் கல்லை மலையாக்கும். துண்டுகளை உரிமையாளரிடம் கேட்டு எடுங்கள், குவாரிக்குள் போக வேண்டாம்.

கேள்வி: ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் பெரிய பாறை. கண், வாய் வரைந்து தவளையாக்கலாமா?
– இளைஞர்கள், பர்கூர்

கூடவே கூடாது. உங்கள் பக்கத்து மல்லப்பாடியில் வெள்ளை நிறத்தில் தொல்பழங்காலப் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. அத்தகைய ஓவியம் மங்கிப்போய், பழகாத கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மேலே பூசிவிட்டால் மீட்க வழியில்லை. தெளிவாகத் தெரியட்டும் என்று தண்ணீர் ஊற்றுவதும் கெடுதல். நடுகல்லுக்கும் இதே விதி. தவளைக்குச் சிறுபாலத்துச் சுவரோ, பயன்படாத சிமென்ட் குழாயோ பாருங்கள். ஊராட்சியில் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். பொதுச்சுவரை அனுமதியின்றிக் கெடுப்பதைத் தடுக்க 1959ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

கேள்வி: இப்படிப்பட்ட கலையை நேரில் பார்க்க எங்கே போகலாம்?
– ஒரு வாசகி, ஓசூர்

சென்னை கண்ணகி நகரில் ஓவியம் தீட்டிய குடியிருப்புச் சுவர்கள். ஆட்கள் வாழும் இடம், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். பெங்களூர் உங்களுக்குப் பக்கம். தெருக் கலைஞர் பாதல் நஞ்சுண்டசுவாமி 2015இல் சாலைக்குழியில் முதலைச் சிலை ஒன்றை வைத்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது அங்கேதான். அது இப்போது இல்லை. கூடத்துக்குள் பார்க்க, கஸ்தூர்பா சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலை, ஒளிப்பட அருங்காட்சியகமும் (MAP), அரண்மனைச் சாலையில் தேசிய நவீனக் கலைக்கூடமும் உண்டு. திங்கட்கிழமை இரண்டும் விடுமுறை.