டைம்ஷேர் வாரத்தை வாடகைக்கு விட, தளங்களில் சந்தா கட்டிச் சேர்வது லாபமா?

கேள்வி: ஆர்லாண்டோவில் இரண்டு படுக்கையறை கொண்ட டைம்ஷேர் ஒரு வாரம், அதாவது ரிசார்ட் வீடு ஒன்றில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமை, எங்களுக்கு இருக்கிறது. அடுத்த ஆண்டு ஊருக்குப் போவதால் அதைப் பயன்படுத்த முடியாது. ரெட்வீக், டக் போன்ற தளங்களில் ஆண்டுச் சந்தா கட்டி உரிமையாளராகச் சேர்ந்தால் வாடகைக்குப் போகுமா? அந்தப் பணத்துக்குப் பலன் உண்டா?

சந்தா கட்டலாம். ஆனால் தேதி உறுதியான முன்பதிவு கையில் இருக்க வேண்டும். அந்தத் தேதிக்கு அந்த ஊருக்கு ஆட்கள் வருவார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் சந்தாவை இலவசமாகவே கொடுத்தாலும் உங்கள் வாரம் வாடகைக்குப் போகாது.

நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். ஃபுளோரிடாவில் எங்களுக்கும் ஒரு வாரம் உண்டு. பிள்ளைகளின் பள்ளி விடுமுறை ஒத்துவராத ஆண்டுகளில் அதை வாடகைக்கு விடுவது வழக்கம். அதனால் நீங்கள் கேட்பதை வெறும் கணக்காக என்னால் பார்க்க முடியவில்லை. பராமரிப்புக் கட்டண பில் வரும் ஜனவரி மாதம் ஒரு குடும்பத்தில் என்ன பேச்சு நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் தொகையைப் பார்ப்போம். டைம்ஷேர் யூசர்ஸ் குரூப், அதாவது எல்லாரும் டக் என்று சொல்வது, 1993இல் உரிமையாளர்களே தொடங்கியது. அதன் உறுப்பினர் சந்தா ஆண்டுக்கு 15 டாலர். உறுப்பினர்கள் அதன் சந்தைப் பக்கத்தில் தனிக் கட்டணம் இல்லாமல் விளம்பரம் போடலாம். ரெட்வீக்கின் ஆண்டுச் சந்தா பல ஆண்டுகளாக 20 டாலரை ஒட்டியே இருந்து வருகிறது. அங்கே வாடகை விளம்பரத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும். முன்பதிவு உண்மைதானா என்று அவர்கள் சரிபார்த்துத் தருவதற்கு அதற்கு மேலும் ஒரு கட்டணம். எல்லாம் சேர்த்தாலும், இரண்டு படுக்கையறை வீட்டுக்கு நீங்கள் ஆண்டுதோறும் கட்டும் ஆயிரத்துச் சொச்சம் டாலர் பராமரிப்புக் கட்டணத்தின் பக்கத்தில் இது சிறிய தொகைதான். வாரம் வாடகைக்குப் போனால் ஓர் இரவு வாடகையிலேயே திரும்பிவிடும்.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? என் அனுபவத்தில் பெரிய லாபம், அங்கே தேடி வருபவர் டைம்ஷேர் என்றால் என்னவென்று தெரிந்தே வருகிறார் என்பது. செக்-இன் ஏன் சனிக்கிழமைதான், தினமும் அறையைச் சுத்தம் செய்ய ஏன் ஆள் வருவதில்லை, முன்பதிவை ஏன் ரத்து செய்ய முடியாது என்றெல்லாம் அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஏர்பிஎன்பியில் போட்டால் இதே கேள்விகளுக்குப் பதில் எழுதியே நேரம் போய்விடும். கடைசியில் அந்த ஆள் ஹோட்டல் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அடுத்தது விலைத் தகவல். அதே ரிசார்ட், அதே வாரம், அதே அளவு வீட்டுக்கு மற்ற உரிமையாளர்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஒரே பக்கத்தில் பார்க்கலாம். ஆனால் அது கேட்கும் விலை மட்டுமே. மூன்று மாதமாக அதே விளம்பரம் அப்படியே நின்றால் அந்த விலைக்கு ஆள் இல்லை என்று அர்த்தம். சில நாட்களில் காணாமல் போகும் விளம்பரங்களின் விலைதான் சந்தை விலை. நான் சந்தா கட்டுவதில் பாதி காரணம் இதைக் கவனிக்கத்தான். டக் கலந்துரையாடல் பக்கங்களைப் பணம் கட்டாமலே படிக்கலாம். இருபது, முப்பது ஆண்டுகளாக டைம்ஷேர் வைத்திருப்பவர்கள் அங்கே பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். உங்கள் ரிசார்ட்டின் பெயரைப் போட்டு ஒரு மாலை முழுவதும் படித்துவிட்டு, அதற்குப் பிறகு 15 டாலரைப் பற்றி முடிவெடுங்கள்.

சரிபார்ப்புக் கட்டணத்தையும் நான் வீண் என்று சொல்லமாட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் உங்களை நம்பி ஆயிரம் டாலர் அனுப்ப வேண்டும். இடையில் தளம் நின்று ‘முன்பதிவு இருக்கிறது, நாங்கள் பார்த்துவிட்டோம்’ என்று சொன்னால் பேச்சு சீக்கிரம் முடிகிறது. விளம்பரத்தைப் படங்களால் நிரப்புவதை விட இதற்குச் செலவழிப்பது மேல்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வாரம் எது? ஆர்லாண்டோ என்று மட்டும் சொன்னீர்கள், மாதம் சொல்லவில்லை. உலகத்திலேயே டைம்ஷேர் வீடுகள் குவிந்து கிடக்கும் இடம் அது. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை வரும் 51, 52ஆம் வாரங்கள், ஈஸ்டரையும் பள்ளிகளின் வசந்த விடுமுறையையும் ஒட்டிய வாரங்கள், இவற்றுக்கு ஆள் வருவார்கள். பள்ளி திறந்த பிறகு வரும் செப்டம்பரில் அந்த ஊரில் காலி வீடுகள் ஏராளம். விற்காத வாரங்களையும் பராமரிப்புக் கட்டணம் கட்டாதவர்களின் வாரங்களையும் ரிசார்ட் நிறுவனங்களே எக்ஸ்பீடியா, புக்கிங்.காம் போன்ற தளங்களில் நேரடியாக வாடகைக்கு விடுகின்றன. வாடகைக்காரருக்கு அங்கே ரத்து செய்யும் வசதி உண்டு, கிரெடிட் கார்டில் கட்டலாம், பரிசுப் புள்ளிகளும் சேரும். அதே விலைக்கு உங்களிடம் வர அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

ஒரு உதாரணம் போடுகிறேன். அதே ரிசார்ட்டில் உங்கள் வாரத்துக்கு எக்ஸ்பீடியாவில் ஓர் இரவு 140 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு இரவுக்கு வரி இல்லாமல் 980. ரத்து செய்ய முடியாத உங்கள் வாரத்துக்கு அதைவிட நன்றாகக் குறைத்தால்தான் ஆள் வரும், 700 என்று வையுங்கள். நீங்கள் கட்டிய பராமரிப்புக் கட்டணம் 1,200 என்றால் 500 கையை விட்டுப் போகிறது. இருந்தாலும் வாரம் காலியாகக் கிடந்து 1,200 முழுவதும் போவதை விட இது நல்லது. இந்த நிலையில் 15, 20 டாலர் சந்தா நியாயமானது. மேலே சேரும் ஒவ்வொரு கூடுதல் சேவைக்கும் பத்து முறை யோசிக்க வேண்டும்.

வேறு ஊர் என்றால் கதையே வேறு. மார்டி கிரா திருவிழா நடக்கும் நாட்களில் நியூ ஆர்லியன்ஸ், டேடோனா 500 கார்ப் பந்தயமும் பைக் வீக் என்ற மோட்டார் சைக்கிள் விழாவும் வரும் பிப்ரவரி, மார்ச்சில் டேடோனா பீச், பிப்ரவரியில் பிரெசிடென்ட்ஸ் டே விடுமுறை வாரத்தில் பனிச்சறுக்குக்குப் பெயர்போன பார்க் சிட்டி, இங்கெல்லாம் வாரம் வைத்திருப்பவர் பராமரிப்புக் கட்டணத்தைத் தாண்டி எடுக்க முடியும். அவர்களுக்குச் சந்தா என்பது கேள்வியே இல்லை.

பெரிய சந்தாக்களை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். விடுமுறை வீடுகளை வாடகைக்கு விடும் தளமான விர்போவில் நீண்ட காலம் 499 டாலருக்கு ஓர் ஆண்டுச் சந்தா இருந்தது. அது வேண்டாம் என்றால் ஒவ்வொரு புக்கிங்குக்கும் 5 சதவீதம் கமிஷன், அதோடு பணப் பரிமாற்றத்துக்கு 3 சதவீதம். 499 டாலரை 5 சதவீதக் கமிஷனோடு ஒப்பிட்டால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 10,000 டாலர் வாடகை வந்தால்தான் சந்தா ஈடுகட்டும். கடற்கரையில் முழு வீடு வைத்திருப்பவருக்கான திட்டம் அது. ஒரு வாரம் மட்டும் வைத்திருப்பவர் கமிஷன் முறையில் போட்டால், 1,500 டாலர் வாடகைக்கு 120 டாலர் போகும். வாடகைக்குப் போனால்தான் அதுவும் போகும்.

டிஸ்னி வெகேஷன் கிளப் என்பது டிஸ்னியின் டைம்ஷேர், அங்கே வாரத்துக்குப் பதிலாக ஆண்டுதோறும் புள்ளிகள் கிடைக்கும், அவற்றைக் கொடுத்து அறை எடுக்கலாம். அதன் உறுப்பினர்களுக்குச் சந்தா தளமே பெரும்பாலும் தேவைப்படாது. அங்கே புள்ளிகளை வாடகைக்கு எடுத்துக் கொடுக்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். உரிமையாளரிடம் சேர்க்கைக் கட்டணம் கேட்பதில்லை, புள்ளிக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுக்கிறார்கள். சொந்த ரிசார்ட்டில் 11 மாதம் முன்பே முன்பதிவு செய்யும் உரிமைக்குத்தான் அந்த விலை. அதை வியாபாரமாகச் செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. எப்போதாவது ஓர் ஆண்டுப் புள்ளிகளைக் கொடுப்பது ஒன்று, ஆண்டு முழுவதும் அதையே செய்வது வேறு.

விதிமுறை பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். உங்கள் வாரத்தை வாங்கிக்கொண்டு வேறு ரிசார்ட்டில் ஒரு வாரம் தரும் ஆர்சிஐ, இன்டர்வெல் இன்டர்நேஷனல் ஆகிய பரிமாற்ற நிறுவனங்கள் மூலம் வாங்கிய வாரத்தை வாடகைக்கு விடவே கூடாது. வேறொருவர் தங்குவதற்கான விருந்தினர் சான்றிதழ் எடுத்து நண்பருக்குக் கொடுக்கலாம், காசு வாங்கக் கூடாது. பிடிபட்டால் முன்பதிவை ரத்து செய்துவிடுவார்கள், உங்கள் வாடகைக்காரர் குழந்தைகளோடு வரவேற்பறையில் நிற்பார். நீங்கள் சொந்தமாக வைத்திருக்கும் வாரத்தை மட்டும் விளம்பரம் செய்யுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி. விளம்பரம் போட்ட சில நாட்களில் உங்களுக்கு ஃபோன் வரத் தொடங்கும். ‘உங்கள் வாரத்துக்கு ஒரு கம்பெனி தயாராக இருக்கிறது, நல்ல வாடகை, பதிவுக் கட்டணம் மட்டும் முன்பணமாகக் கட்டுங்கள்’ என்பார்கள். உங்கள் ரிசார்ட்டின் பெயர், வார எண், வீட்டின் அளவு எல்லாம் சரியாகச் சொல்வார்கள், அதனால் நம்பத் தோன்றும். முன்பணத்துக்குப் பிறகு வரி, பிறகு வங்கிக் கட்டணம், பிறகு வழக்கறிஞர் கட்டணம் என்று போய்க்கொண்டே இருக்கும். மெக்சிகோவை மையமாகக் கொண்ட டைம்ஷேர் மோசடிகளில் மட்டும் 2019 முதல் 2023 வரை சுமார் 6,000 அமெரிக்கர்கள் கிட்டத்தட்ட 30 கோடி டாலர் இழந்ததாகப் புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று எஃப்பிஐ கணக்குச் சொல்கிறது. மெக்சிகோவின் ஹலிஸ்கோ போதைக் கும்பல் பின்னால் நிற்கிறது என்று சொல்லி அமெரிக்க நிதித்துறை பல நிறுவனங்கள் மீது தடை விதித்திருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தம்பதி இப்படி வந்த ஒரு ஃபோனில் சேமிப்பில் பெரும் பகுதியை இழந்தார்கள். பிள்ளைகளிடம் சொல்லவே அவர்களுக்கு மாதக்கணக்கில் மனம் வரவில்லை. தயவுசெய்து உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினமில்லை. நல்ல தளம் தன் கட்டணத்தைப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கும், எல்லாருக்கும் ஒரே தொகை, ஆள் கிடைப்பார் என்று வாக்குக் கொடுக்காது. அவர்களாகவே கூப்பிட்டு, ஆள் ஏற்கனவே தயார் என்று சொல்லி, நூற்றுக்கணக்கில் முன்பணம் கேட்டால் அத்துடன் ஃபோனை வைத்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் இருந்து கேட்பவர்களுக்கு: கிளப் மஹிந்திரா, ஸ்டெர்லிங் போன்றவற்றின் உறுப்பினர் திட்டம் வேறு மாதிரி. அங்கே உங்களுக்குப் பத்திரம் பதிந்த வாரம் கிடையாது, பருவமும் அறை வகையும் சார்ந்த தங்கும் உரிமைதான். அதை வேறு ஒருவருக்குக் கொடுப்பதற்குச் சேரும்போது கையெழுத்திட்ட விதிமுறை என்ன சொல்கிறது என்று முதலில் படியுங்கள். நான் மேலே எழுதிய அமெரிக்கக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

வரியையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபுளோரிடாவில் குறுகிய கால வாடகைக்கு மாநில விற்பனை வரியும் கவுண்டி, அதாவது மாவட்டம், வாங்கும் சுற்றுலா வரியும் உண்டு. ஆர்லாண்டோ இருக்கும் ஆரஞ்சு கவுண்டியில் மொத்தம் 12.5 சதவீதம். அதை வாடகைக்காரரிடம் வாங்கிக் கட்டுவது யார் என்பது தளத்துக்குத் தளம் மாறும். வருமான வரிக்கு உங்கள் சிபிஏவிடம், அதாவது கணக்காளரிடம், கேளுங்கள்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, உங்கள் வாரம் மிதக்கும் வாரமாக, அதாவது ஆண்டுதோறும் தேதியை நீங்களே தேர்ந்து முன்பதிவு செய்யும் வகையாக, இருந்தால் முன்பதிவு திறக்கும் நாளிலேயே கிடைக்கும் நல்ல தேதியை எடுப்பது. விளம்பரம் ஒன்பது, பத்து மாதம் முன்பே போக வேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் விமான டிக்கெட்டோடு சேர்த்துத்தான் தங்குமிடத்தையும் தேடுகின்றன. இரண்டு சந்தாவும் ஒன்றாகத் தேவையில்லை. தேதி நன்றாக இருந்தால் ரெட்வீக்கில் சரிபார்ப்போடு போடுங்கள், சுமாராக இருந்தால் டக் போதும். ஆள் கிடைத்ததும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி, பணம் வந்த பிறகு ரிசார்ட்டைக் கூப்பிட்டு விருந்தினர் பெயரைச் சேர்த்து, உறுதிக் கடிதத்தை அவருக்கு அனுப்புங்கள். அதற்கு ரிசார்ட் கட்டணம் வாங்கினால் அதையும் வாடகையில் முன்பே சேர்த்திருக்க வேண்டும்.

வாடகைக்குப் போகாவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே ஒரு தேதி போட்டு முடிவு செய்யுங்கள். ஆர்சிஐயில் வாரத்தைப் பரிமாற்றத்துக்கு ஒப்படைத்தால், செக்-இன் நெருங்க நெருங்க அதற்குக் கிடைக்கும் மதிப்பு குறையும். ஆகவே சுமாரான வாரத்தை ஆள் வருவார் என்று கடைசி வரை பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். அந்தத் தேதியும் தாண்டிவிட்டால் டக்கில் கடைசி நேர வாடகைக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. செக்-இன் 45 நாட்களுக்குள் இருக்க வேண்டும், ஓர் இரவுக்கு 100 டாலருக்கு மேல் கேட்கக் கூடாது. ஒரு வாரத்துக்கு அதிகபட்சம் 700 டாலர். செப்டம்பர் மாத ஆர்லாண்டோவுக்கு அது மோசமான விலையே இல்லை.