வளைவில் முனகும் பழைய சிஆர்வி: முதலில் பின்னால் இருக்கும் ஒரு லிட்டர் ஆயில்

வால்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் 2006 மாடல் ஹோண்டா சிஆர்வி இருக்கிறது. நான்கு சக்கர இழுவை, மேனுவல் கியர், 1,38,000 கி.மீ. ஓடியது. இரண்டு வருடம் முன்பு செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் பின்பக்கம் 'ம்ர்ர்ர்' என்று முனகுகிறது, லேசாக அதிர்கிறது. டிஃபரன்ஷியலையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். இந்த வயது வண்டிக்கு வேறு என்னென்ன பார்க்க வேண்டும்?"

மாற்றாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். அந்த முனகலைக் கேட்டதும் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆயிலைத்தான்.

உங்கள் வண்டி சாதாரணமாக முன் சக்கர இழுவையில்தான் ஓடுகிறது. பின் டிஃபரன்ஷியல் என்பது இழுவையை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி. அதற்குள் இரண்டு பம்ப் உண்டு. ஒன்றை முன்னாலிருந்து வரும் ஷாஃப்ட் சுற்றுகிறது, மற்றொன்றைப் பின் சக்கரங்கள் சுற்றுகின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றும்வரை ஒன்று தள்ளும் ஆயிலை மற்றொன்று இழுத்துக்கொள்ளும். முன் சக்கரம் சேற்றில் வழுக்கினால் வேகம் மாறி, ஆயில் அழுத்தம் ஏறி, கிளட்ச் தட்டுகள் கவ்வும். அப்போது பின் சக்கரத்துக்கும் இழுவை போகும். சரி, வளைவில் என்ன நடக்கிறது? முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் சுற்றி வருகின்றன. ஆழியாறிலிருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவு, நாற்பதிலும் அந்தத் தட்டுகளுக்கு வேலை வரலாம். நல்ல ஆயில் இருந்தால் அவை சத்தமில்லாமல் வழுக்கும். ஆயில் செத்துப்போனால் பிடித்து விட்டு, பிடித்து விட்டு நகரும். நீங்கள் கேட்கும் முனகல் அதுதான்.

காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, நடைவேகத்தில் வட்டமடித்துப் பாருங்கள். பின்னாலிருந்து முனகினால் ஆயில். முன்பக்கம் 'டக் டக்' என்றால் ஆக்ஸில் ஜாயிண்ட், அது வேறு கதை.

இதற்கு ஹோண்டாவின் டூயல் பம்ப் ஃப்ளூயிட் மட்டும்தான் ஊற்ற வேண்டும். புட்டியில் டி.பி.எஸ்.எஃப். என்றும் போட்டிருக்கும். சுமார் ஒரு லிட்டர் போதும். மற்ற வண்டிகளின் கிரவுனுக்கு (பின் அச்சு கியருக்கு) ஊற்றுவதுபோல 90 நம்பர் கியர் ஆயிலை ஊற்றிவிடுவது நம் பக்கத்துப் பழக்கம், இந்தக் கிளட்சுக்கு அது ஒத்துவராது. முதல் ஓனர் காலத்தில் அப்படி நடந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

பக்கத்திலேயே நின்று செய்ய வையுங்கள். ஊற்றுகிற மேல் பிளக்கை முதலில் கழற்ற வேண்டும். அது துருவேறி இறுகியிருக்க, ஆயிலை வடித்துவிட்டு வண்டி லிஃப்டிலேயே இரண்டு நாள் நின்றதைப் பார்த்திருக்கிறேன். பிளக்கின் சதுரக் குழிக்குள் 3/8 அங்குல ராட்செட் நேராக உட்காரும், பைப் ரென்ச் வேண்டாம். வாஷர் இரண்டும் புதிது போடுங்கள். மேல் ஓட்டை வழியாக ஆயில் வழியத் தொடங்கினால் அளவு சரி. பிறகு மெதுவாக எட்டு போடுங்கள், புது ஆயில் தட்டுகளுக்குள் போகட்டும். சத்தம் பாதிதான் குறைந்தது என்றால் சில நூறு கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி மாற்றுங்கள். அதன் பிறகும் முனகினால்தான் பிரித்துப் பார்க்கிற பேச்சு. மலையில் ஓடும் வண்டிக்கு 40,000 கி.மீ. அல்லது இரண்டு வருடம், எது முந்தியோ அதில் மாற்றச் சொல்வேன்.

அடுத்தது டயர். இரண்டு மட்டும் புதிதாகப் போட்டு மிச்சம் பிடிக்கும் வேலை இந்த வண்டியில் ஆகாது. 215/65 R16 டயரின் ஆரம் சுமார் 343 மி.மீ. பட்டன் (டயரின் மேல் ரப்பர் வரி) 8 மி.மீ. உள்ள புது டயரையும் 3 மி.மீ.க்குத் தேய்ந்ததையும் சேர்த்துப் போட்டால் ஆரத்தில் 5 மி.மீ. வித்தியாசம், அதாவது ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். நேர் ரோட்டிலும் அந்த இரண்டு பம்புகளும் வேறு வேறு வேகத்தில் சுற்றும். நான்கும் ஒரே பிராண்டாக, ஒரே அளவு தேய்ந்ததாக இருக்கட்டும். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றுங்கள், காற்றழுத்தத்தையும் பாருங்கள்.

கியர்பாக்ஸுக்கு ஹோண்டா எம்.டி.எஃப். (மேனுவல் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றுங்கள். இழுவையைப் பின்பக்கம் அனுப்பும் முன்பக்க டிரான்ஸ்ஃபர் கியருக்கும் அதே ஆயில்தான், தனியாக மாற்ற வேண்டியதில்லை. இன்ஜினில் இருப்பது டைமிங் செயின், ஆகவே டைமிங் பெல்ட் மாற்றச் செலவு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். வால்வு இடைவெளி தானாகச் சரியாகாது, இன்ஜின் ஆறியபின் அளந்து சரிசெய்ய வேண்டும். பிரேக் ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வால்பாறை மழைக்கும் இறக்கத்துக்கும் இரண்டு வருடத்துக்கு மேல் விட்டுவைக்காதீர்கள். கூலன்ட்டும் அப்படியே, தண்ணீர் மட்டும் ஊற்றி ஓட்டினால் ரேடியேட்டருக்குள் துரு சேரும். ஆக்ஸில் ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறைகளைக் கையால் அமுக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால், கிரீஸ் வெளியே தெறிக்கும் முன்பே மாற்றினால் ரப்பர் செலவோடு போகும்.

ஒருவேளை வண்டி வழியில் நின்றுவிட்டால், முன் சக்கரத்தைத் தூக்கிக் கட்டி இழுத்துப்போக விடாதீர்கள். பின் சக்கரம் மட்டும் உருண்டால் அந்தப் பம்பும் கிளட்சும் சூடாகிப் பாழாகும். நான்கு சக்கரமும் மேலே ஏறுகிற பிளாட்பெட் வண்டி வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.